கைக்கடிகாரமும் கொடுக்கல் வாங்கலும்

 

 இம்முறை நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் கைக்கடிகாரம். அதிலும் புதுக் கடிகாரம் அல்ல; ஒருவர் கட்டிக் கழற்றி, இன்னொருவர் விலை பேசி வாங்கும் பழைய உயர்ரகக் கடிகாரம். இதற்கும் மார்க்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் சிரிக்கக்கூடும். நோன்பு தொழுகை பற்றிப் பேசாமல் ரோலெக்ஸ் பற்றிப் பேச வந்துவிட்டார்களே என்பார்கள். ஆனால் ஜோகூர் பாருவில் இன்று நம்மவர் கடைகளில் தேத்தண்ணீர் குடிக்க உட்கார்ந்தால் காதில் விழுவது என்ன? இன்னார் ஒரு பழைய ரோலெக்ஸ் பிடித்தாராம், ஆறு மாதத்தில் இத்தனை ஆயிரம் வெள்ளி லாபமாம் என்ற பேச்சு அன்றோ! பணம் கைமாறும் இடமெல்லாம் ஹலால் ஹராம் நிற்கும் இடம். ஆகவே இதைப் பேசத்தான் வேண்டும்.

முதலில் இந்த வியாபாரத்தின் விசித்திரத்தைப் பாருங்கள். நம் கடையில் ஒரு சாமான் பழசானால் விலை இறங்கும். பழைய அரிசிக்கு ஒரு மரியாதை உண்டு; மற்றபடி பழைய பிஸ்கட்டையும் பழைய துணியையும் யார் கூடுதல் விலைக்கு வாங்குவார்? இங்கே கதை தலைகீழ். சில ரகக் கடிகாரங்கள் கம்பெனியின் அங்கீகாரக் கடையில் கேட்டால் கிடைப்பதில்லை. பெயரை எழுதிவைத்துக்கொண்டு காத்திருக்கச் சொல்வார்கள். காத்திருக்க மனமில்லாதவர் கைமாறிய கடிகாரத்தைப் புதுக் கடிகாரத்தின் விலைக்கு மேல் கொடுத்து வாங்குகிறார். பட்டேக் பிலிப் கம்பெனி நாட்டிலஸ் 5711 என்ற எஃகுக் கடிகாரத்தை நிறுத்தப்போவதாக 2021-ல் செய்தி வந்ததும், வெளிச்சந்தையில் அதன் விலை கடை விலையைப்போலப் பல மடங்கு ஏறியது. 2022-ன் தொடக்கத்தில் உச்சிக்குப் போன இந்தச் சந்தை, அதன்பின் இறங்கவும் செய்தது. உச்சியில் வாங்கியவர்கள் இன்றும் மணிக்கட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்கள். ஏறுவதை மட்டும் சொல்லி இறங்குவதைச் சொல்லாதவன் தரகன். நாம் இரண்டையும் சொல்லிவிடுகிறோம்.

இன்னொன்று கேளுங்கள். 2017 அக்டோபரில் நியூயார்க்கில் பிலிப்ஸ் என்ற ஏலக் கம்பெனி ஒரு பழைய ரோலெக்ஸ் டேடோனாவை ஏலம் விட்டது. எஃகால் செய்தது, தங்கமுமில்லை, வைரமுமில்லை. ஒரு கோடியே எழுபத்தேழு லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் போயிற்று. காரணம், அது பால் நியூமன் என்ற சினிமா நடிகர் கட்டியிருந்த கடிகாரம். அவருடைய மனைவி வாங்கிக் கொடுத்தது. பின்மூடியில் அந்த அம்மாள் செதுக்கச் செய்த வாசகமும் இருந்தது. அதே ரகத்தில் அதே எஃகில் செய்த வேறொரு கடிகாரத்துக்கு அந்த விலையில் சிறு பங்குகூடக் கிடைக்காது. அப்படியானால் அங்கே விலைபோனது எது? எஃகா? அந்தக் கடிகாரத்தைப் பற்றிய சொல் அன்றோ! யார் கட்டியது, எந்த ஆண்டுச் சரக்கு, உள்ளே உள்ளவை பிறவிப் பாகங்களா, பெட்டியும் சீட்டும் அதனுடையவைதானா என்ற சொல்லுக்குத்தான் இந்தச் சந்தையில் காசு. அரிசியில் பொய் சொன்னால் பிடி அரிசியை வாயில் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். சொல்லே சரக்காக இருக்கும் இடத்தில் பொய் சொன்னால், அது சரக்கையே திருடியதாகும். இதை நாம் மனத்தில் இருத்திக்கொண்டு மேலே போவோம்.

மதீனா மாநகரின் கடைத்தெருவில் நாயகம் (ஸல்) அவர்கள் நடந்து வந்தபோது ஒரு தானியக் குவியலைக் கண்டார்கள். மேலே உலர்ந்து அழகாக இருந்தது. திருக்கரத்தை உள்ளே விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. இது என்னவென்று கேட்டார்கள். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை ஜனங்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்ற கருத்தில் எச்சரித்தார்கள். மழை பெய்தது வியாபாரியின் குற்றமல்ல என்பதைக் கவனியுங்கள். ஈரமான தானியத்தை விற்கவே கூடாது என்றும் அவர்கள் சொல்லவில்லை. ஈரத்தை அடியில் வைத்து உலர்ந்ததை மேலே பரப்பியதுதான் குற்றம்.

பழைய கடிகாரத்தில் இந்த ஈரம் எங்கே இருக்கும்? பெரும்பாலும் முகப்புத் தட்டில், அதாவது டயலில் இருக்கும். மங்கிப்போன டயலை வழித்து மறுபடி வர்ணம் அடித்து எழுத்தும் எழுதிவிடுவார்கள். பார்க்கப் புதுமாப்பிள்ளை போல் இருக்கும். ஆனால் சேகரிப்பவர்கள் கண்ணில் அதன் மதிப்பு பாதாளத்துக்குப் போய்விடும். அடுத்தது கலப்புக் கடிகாரம்: ஓர் ஆண்டின் கூடு, வேறோர் ஆண்டின் எந்திரம், மூன்றாவது கடிகாரத்தின் முள். எல்லாம் அசல் கம்பெனிப் பாகங்கள்தாம்; ஆனால் மூன்று வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்து நிறுத்தி ஒரு தாய் மக்கள் என்று சொல்வதைப் போன்றது இது. இந்தியாவில் மூடப்பட்டுவிட்ட எச்.எம்.டி. கம்பெனியின் கடிகாரங்களும் பழைய சீக்கோ கடிகாரங்களும் புது டயல் பூசி, புதுசுபோல் விற்கப்படுவதை வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள்கூட அறிவார்கள். பம்பாயின் பெயரைச் சேர்த்தே அதற்கொரு பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். நம் தாய்நாட்டுக்கு வந்த பெயரைப் பாருங்கள்!

வாங்குபவருக்கு உதவும் ஓர் அடையாளமும் சொல்கிறோம். இருட்டில் ஒளிரும் பூச்சுக்கு 1960-களின் தொடக்கம் வரை ரேடியம் பயன்பட்டது. அதன்பின் டிரிட்டியம் வந்தது. அதைக் காட்ட டயலின் அடிவிளிம்பில் டி என்ற ஆங்கில எழுத்தைப் போடுவார்கள். 1990-களின் இறுதியில் அதுவும் போய்க் கதிரியக்கம் இல்லாத பூச்சு வந்துவிட்டது. எனவே 1955-ம் ஆண்டுக் கடிகாரம் என்று ஒருவர் கொண்டுவந்து, டயலில் அந்த டி இருந்தால், டயல் பின்னால் மாற்றப்பட்டது என்று அறியலாம். பழைய ரோலெக்ஸில் வரிசை எண் எங்கே என்றால், பட்டையைக் கழற்றினால் ஆறு மணிப் பக்கத்துக் கொம்புகளுக்கு நடுவே இருக்கும். சீட்டில் உள்ள எண்ணும் அதுவும் ஒத்துப்போக வேண்டும். பட்டையைக் கழற்றிக் காட்டச் சொன்னால் முகம் சுளிக்கும் வியாபாரியிடம் நமக்கு என்ன வேலை?

டயல் மாற்றிய கடிகாரத்தை விற்பது ஹராமா என்று கேட்டால், இல்லை. டயல் மாற்றியது என்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றால் அது சுத்தமான வியாபாரம். இங்கே சஹாபி வாஸிலா இப்னுல் அஸ்கஃ (ரலி) அவர்களின் சம்பவத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒருவர் ஒட்டகம் ஒன்றை விலை பேசி வாங்கிக்கொண்டு போகிறார். வாஸிலா அவர்கள் பின்னாலேயே ஓடிப்போய், இதை இறைச்சிக்காக வாங்கினீரா, பயணத்துக்காக வாங்கினீரா என்று கேட்கிறார்கள். பயணத்துக்கு என்கிறார் அவர். அப்படியானால் இதன் குளம்பில் துளை இருக்கிறது, தொடர்ந்து நடக்காது என்று சொல்லிவிடுகிறார்கள். விற்றவருக்குக் கோபம், என் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீரே என்கிறார். குறை தெரிந்திருந்தும் சொல்லாமல் இருப்பது ஆகுமானதல்ல என்ற நபிமொழியை அவருக்கு நினைவூட்டுகிறார்கள். ஒட்டகம் வாஸிலா அவர்களுடையதுமல்ல. லாபம் நஷ்டம் எதிலும் அவர்களுக்குப் பங்குமில்லை. பக்கத்தில் நின்று பார்த்தவருக்கே இத்தனை கடமை என்றால், கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கு எவ்வளவு! நம்மில் சிலர், அவர் கேட்கவில்லை, நாம் சொல்லவில்லை என்று சாமர்த்தியம் பேசுவதுண்டு. அந்தச் சாமர்த்தியம் குளம்பின் துளையை மறைத்தவரின் சாமர்த்தியந்தான்.

வாங்குபவருக்கும் மார்க்கம் பாதுகாப்பு வைத்திருக்கிறது. ஹப்பான் இப்னு முன்கித் (ரலி) என்ற சஹாபி தலையில் அடிபட்டவர். கொடுக்கல் வாங்கலில் அடிக்கடி ஏமாந்துவிடுவார். அவரை வியாபாரத்தை விட்டுவிடச் சொல்லாமல், ஏமாற்று இருக்கக்கூடாது என்று நிபந்தனை சொல்லி வாங்கும்படியும், மூன்று நாள் வரை திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டென்றும் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். இதையே கியாருஷ் ஷர்த் என்று கிதாபுகளில் ஓதுகிறோம். மதரஸாவில் ஓதிய பாடம் ஜோகூர் பாருக் கடைவீதியில் உதவாவிட்டால் வேறெங்கே உதவும்? பழைய கடிகாரம் வாங்கும்போது மூன்று நாள் தவணை கேளுங்கள். அந்த மூன்று நாளில் கைதேர்ந்த கடிகாரத் தொழிலாளி ஒருவரிடம் கொண்டுபோய்ப் பின்மூடியைத் திறந்து பார்க்கச் செய்யுங்கள். கடையில் ஒரு மூட்டை மிளகாய் வந்தால் குத்தூசி போட்டு நடுமூட்டையிலிருந்து எடுத்துப் பார்க்கும் நாம், ஐம்பதாயிரம் வெள்ளிக் கடிகாரத்தைக் கண்ணாடிப் பெட்டியின் வெளிச்சத்தில் பார்த்து மயங்கிப் பணத்தை எண்ணிவிடுகிறோமே, ஏன்?

விற்பவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். நம் நாட்டில் பழைய பொருள் வியாபாரத்துக்கென்று 1946-ம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. லைசென்ஸ் எடுத்து, யாரிடம் என்ன வாங்கினோம் என்று பதிவு வைத்திருக்க வேண்டும். கடையுமில்லை, சீட்டுமில்லை, கார் நிறுத்துமிடத்தில் பைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டுகிறான், பாதி விலை சொல்கிறான் என்றால், அது யார் வீட்டு மேசையிலிருந்து கிளம்பியதோ? திருட்டுப் பொருளென்று தெரிந்தும் வாங்கினால் தண்டனைச் சட்டம் 411-ம் பிரிவு பிடிக்கும். தெரியாமல் வாங்கினாலும் ஷரீஅத்தில் பொருள் உடையவனுக்கே சேரும். கொடுத்த பணத்துக்கு விற்றவனைத் தேடிப் போக வேண்டியதுதான்.

இனி நம் ஊரையே தொட்ட ஒரு வழக்குக்கு வருவோம். பாலத்துக்கு அக்கரையில் சிங்கப்பூரில், டிரேட்நேஷன், டிரேட்லக்ஷுரி என்ற இரண்டு கம்பெனிகளைக் கணவனும் மனைவியுமாக இருவர் நடத்திவந்தார்கள். விலையுயர்ந்த கைக்கடிகாரங்களும் கைப்பைகளும் தருவதாகச் சொல்லி முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கினார்கள். சரக்கு வரும், வரும் என்று காத்திருந்தவர்களுக்குச் சரக்கு வரவில்லை. 180-க்கும் மேற்பட்டவர்கள் போலீசில் புகார் கொடுத்தார்கள். தொகை குறைந்தது மூன்று கோடியே இருபது லட்சம் சிங்கப்பூர் வெள்ளி. 2022 ஜூலையில் இருவரும் ஒரு லாரியின் சரக்குப் பெட்டிக்குள் ஒளிந்து எல்லை தாண்டி மலேசியாவுக்குள் வந்தார்கள். ஆகஸ்டு 11-ம் தேதி நம் ஜோகூர் பாருவில் ஒரு ஹோட்டலில் நம் போலீசார் பிடித்து அக்கரைக்கு ஒப்படைத்தார்கள். அந்தப் பெண்மணிக்கு 2024-ல் பதினான்கு ஆண்டுச் சிறை விதித்தது சிங்கப்பூர் நீதிமன்றம். பெயர்கள் பத்திரிகைகளில் வந்தவைதான். அவற்றை நாம் இங்கே எடுத்துச் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஏமாற்றியவர்களை ஏசுவது எளிது. ஏமாந்தவர்கள் பாமரர்களா? அல்லவே! பல ஆயிரம் வெள்ளிக்குக் கடிகாரம் வாங்கக்கூடிய, படித்த, பிழைக்கத் தெரிந்த மனிதர்கள். அவர்கள் விழுந்த இடம் எது? விற்பவர் கையில் இல்லாத சரக்குக்குப் பணம் கொடுத்த இடம். ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் மக்கத்துப் பெரிய வியாபாரி. என்னிடம் இல்லாத பொருளைக் கேட்டு ஆட்கள் வருகிறார்கள், அவர்களுக்கு விற்றுவிட்டுப் பிறகு சந்தையில் வாங்கிக் கொடுக்கலாமா என்று அவர்கள் நாயகத்திடம் கேட்டபோது, கையில் இல்லாததை விற்கவேண்டாம் என்று தடுத்துவிட்டார்கள். நாம் இந்த ஹதீதைப் பல தடவை கேட்டிருக்கிறோம். இதில் அப்படி என்ன தீங்கு, கமிஷன் வியாபாரந்தானே என்று நினைத்துமிருப்போம். மூன்று கோடி வெள்ளி போனபிறகு பாருங்கள், தீங்கு விளங்குகிறதா இல்லையா? இன்றைக்கு ஒரு விலை சொல்லிப் பணம் வாங்கியவன், நாளைக்குச் சந்தையில் விலை ஏறிவிட்டால் எதைக் கொண்டு வாங்குவான்? அடுத்து வருபவனுடைய பணத்தைத் தவிர அவனுக்கு வேறு வழி ஏது?

ஓதிய சகோதரர் ஒருவர் எழுந்து, பணத்தை முன்னால் கொடுத்துச் சரக்கைப் பின்னால் வாங்கும் ஸலம் வியாபாரம் மார்க்கத்தில் உண்டே என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ஸலம் உண்டு, அதற்குக் கட்டுப்பாடும் உண்டு. சரக்கின் தன்மை, அளவு, தவணை எல்லாம் திட்டமாக வேண்டும். தவணை நாளில் அது சாதாரணமாகக் கிடைக்கும் சரக்காக இருக்க வேண்டும். அரிதாகக் கிடைக்கும் பொருளுக்கு ஸலம் கூடாது என்று நம் ஷாபிஈ மத்ஹபின் கிதாபுகள் சொல்கின்றன. அதற்கு அவை காட்டும் உதாரணம் என்ன தெரியுமா? பெரிய முத்து! கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் முத்து வியாபாரம் செய்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதை விளக்கவும் வேண்டுமோ? கடலுக்குள் இருக்கும் பெரிய முத்துக்கு முன்பணம் இல்லையென்றால், காத்திருப்புப் பட்டியலுக்குள் இருக்கும் கடிகாரத்துக்கு மட்டும் எப்படி முன்பணம்? ஹனபி சகோதரர்கள் தங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளட்டும். அங்கும் விடை இதற்கு வெகுதூரத்தில் இராது.

இதுவரை விற்பவனின் பொய்யைப் பேசினோம். வாங்குபவனின் மௌனம் ஒன்று இருக்கிறது. அதுதான் நம்மவர்களுக்கு நெருங்கிய ஆபத்து என்பது நம் எண்ணம். சபர் வந்து அரை நூற்றாண்டு பாடுபட்ட ஒருவர் மவுத்தாகிவிடுகிறார். இத்தா முடிந்து அவருடைய பீவி அலமாரியைத் திறக்கிறார். பழைய டப்பாவில் ஒரு கடிகாரம், ஓடவில்லை. பேரன் படிப்புக்குப் பணம் வேண்டும். தெரிந்த முதலாளியிடம் கொடுத்தனுப்புகிறார்: ஓடாத வாட்ச், ஐந்நூறு வெள்ளி கிடைக்குமா பாருங்கள் என்று. முதலாளி பட்டையைக் கழற்றி எண்ணைப் பார்க்கிறார். முப்பதாயிரம் வெள்ளிக்குக் குறையாத சரக்கு என்று தெரிந்துவிடுகிறது. இப்போது அவர் என்ன செய்ய வேண்டும்? அந்த அம்மா கேட்டது ஐந்நூறு. நாம் எழுநூறாகவே கொடுத்தோம், அவரும் துஆச் செய்தார் என்று சொல்லிக்கொள்ளலாமா?

ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களுக்காக அவர்களுடைய பணியாள் ஒரு குதிரையை முந்நூறு திர்ஹத்துக்குப் பேசி, பணம் கொடுக்க உடையவரையும் கூட்டிவந்தார். குதிரையைப் பார்த்த ஜரீர் அவர்கள், உம்முடைய குதிரை முந்நூறுக்கு மேல் பெறுமே, நானூறுக்குக் கொடுக்கிறீரா என்றார்கள். பிறகு ஐந்நூறு என்றார்கள். இப்படியே நூறு நூறாக ஏற்றி எண்ணூறு திர்ஹம் கொடுத்து வாங்கினார்கள். வாங்குபவரே விலையை ஏற்றும் அதிசயத்தை உலகம் அன்று பார்த்தது. ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவேன் என்று நாயகத்தின் கரம்பற்றி வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்பதே அவர்கள் சொன்ன காரணம். வெளியூர்ச் சரக்குக் கூட்டத்தார் சந்தைக்கு வந்து விலை அறியுமுன் வழியிலேயே மறித்து வாங்குவதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததும், அவர்கள் சந்தைக்கு வந்தபின் விற்றதை ரத்துச் செய்யும் உரிமையைக் கொடுத்ததும் நமக்குத் தெரிந்ததே. அலமாரியிலிருந்து கடிகாரம் எடுத்துத் தரும் அந்த உம்மாவும் சந்தைக்கு வராத கூட்டத்தார்தாமே! லாபம் வைக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பெறுமானத்தைச் சொல்லுங்கள், ரிப்பேர்ச் செலவையும் நியாயமான லாபத்தையும் கழித்துக்கொள்ளுங்கள். எழுநூறு கொடுத்து முப்பதாயிரத்தைப் பையில் போட்டுக்கொண்டு ஜும்ஆவில் முதல் வரிசையில் உட்காருவது மட்டும் வேண்டாம்.

தங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆண்களுக்குத் தங்கம் அணிவது ஹராம் என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும். மோதிரம் கழற்றிவிட்டுத் தங்கக் கூட்டுக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, இது நகையல்ல எந்திரம் என்று சொல்வாரும் உளர்; எஃகும் தங்கமும் கலந்த பட்டைக்கும் இதே சாக்கு. முலாம் பூசியதில் உலமாக்கள் விரிவாகப் பேசியிருக்கிறார்கள், கேட்டுத் தெளிக. நல்ல எஃகுக் கடிகாரம் கட்டுவதைப் பெருமையென்று உடனே நாம் தீர்ப்புச் சொல்லமாட்டோம். நிய்யத்தை அல்லாஹ் அறிவான். கைச்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டுதான் கடன்காரனிடம் தவணை கேட்கப் போக வேண்டுமா என்பதை மட்டும் அவரவர் யோசித்துக்கொள்ளட்டும்.

கடைசியாகக் கணக்குப் புத்தகம். கட்டிக்கொள்ள வாங்கிய கடிகாரத்துக்கு ஜகாத் இல்லை. பின்னால் விற்றுவிடலாம் என்ற எண்ணம் வந்தாலும், விற்கும் வரை அது வியாபாரச் சரக்காகாது என்பது ஷாபிஈ மத்ஹபு. ஆனால் வாங்கும்போதே விலை ஏறினால் விற்கலாம் என்று வாங்கிப் பெட்டியில் பூட்டி வைத்தால், அது நம் கடை அலமாரியில் இருக்கும் சரக்கைப் போன்றதே. கடைச் சரக்கை மூட்டை மூட்டையாக எண்ணி ஜகாத் கொடுக்கும் நல்லவர்கள்கூட இந்தப் பெட்டியை மறந்துவிடுகிறார்கள். வருஷம் முடியும் நாளில் சந்தை விலை என்னவோ அதில் நாற்பதில் ஒரு பங்கு. நாற்பதாயிரத்துக்கு வாங்கியது அன்று ஐம்பதாயிரம் பெறுமானால் ஆயிரத்து இருநூற்றைம்பது வெள்ளி. முப்பத்திரண்டாயிரத்துக்கு இறங்கிவிட்டால் எண்ணூறு. மற்றச் சரக்கோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். சந்தேகமிருந்தால் ஜோகூர் இஸ்லாமிய சமய மன்றத்தின் ஜகாத் அலுவலகத்தில் கேட்கலாம்.

மவுத்துக்குப் பிறகு நடப்பதையும் சொல்லிவிடுகிறோம். ஜனாஸாவைக் குளிப்பாட்டும்போது கழற்றிய கடிகாரத்தை மூத்த மகன் எடுத்துத் தன் கையில் கட்டிக்கொள்வது நம் குடும்பங்களில் வழக்கம். வாப்பாவின் நினைவு என்பார், தங்கைமாரும் வாய்திறக்கமாட்டார்கள். இருபது வெள்ளிக் கடிகாரமானால் போகட்டும். அது நாற்பதாயிரம் வெள்ளி பெறுமானால்? ஒரு மகனும் இரண்டு மகள்களும் மட்டுமே வாரிசு என்றால், கடனும் வஸிய்யத்தும் போக, அதில் இருபதாயிரம் அவனுடையது; பத்துப் பத்தாயிரம் தங்கைமார் இருவருடைய ஹக்கு. அவனே வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால், விலை தெரிந்தவர் ஒருவரை வைத்து மதிப்புப் போட்டு, அவர்கள் பங்கைப் பணமாகக் கொடுத்துவிட்டுக் கட்டிக்கொள்ளட்டும். விலை இன்னதென்று தங்கைமாருக்குத் தெரிவிக்காமல் வாங்கிய சம்மதம் சம்மதமாகாது. ஆகையால் பெறுமானமுள்ள கடிகாரம் வைத்திருக்கும் சகோதரர்கள் அதன் பெயர், எண், வாங்கிய இடம், வாங்கிய விலை இவற்றைச் சொத்து விவரச் சீட்டில் தம் கையாலேயே எழுதி, கடைப் பத்திரங்களோடு வைத்து, மகனுக்கு மட்டுமல்லாமல் மகள்களுக்கும் அந்தச் சீட்டு இருக்கும் இடத்தைச் சொல்லி வைப்பார்களாக.